கரையேறிய கப்பல்

மின்சாரம் போனதும் அன்புக்கரசி டார்ச்சை எடுத்துச் சுவரில் ஒளி பாய்ச்சுவாள். நேராகப் பிடித்தால் வட்டம். சாய்த்தால் நீள்வட்டம். டார்ச்சைச் சுவரோடு ஒட்டி மேல்நோக்கிப் பிடித்தால் ஒளி விரிந்துகொண்டே போய்க் கூரையில் முட்டும். அது அதிபரவளையம். "வட்டம் சோம்பேறி. ஒரே புள்ளியச் சுத்திக்கினு கெடக்கும். இது பாரு, எங்கியும் மூடாது," என்பாள். அக்கா வரலட்சுமி அடுப்படி இருட்டிலிருந்து, "அத்த இங்க காட்டுடி, கொயம்பு தீயுது," என்று கத்தும்வரை சுவர் அவளுடையது.

அன்புக்கரசி பேசின் பிரிட்ஜில் ரயில்வே எழுத்தர். வயது முப்பத்தெட்டு. உட்காரவே தெரியாது. சாப்பாடுகூட நின்றபடிதான். பேருந்தில் இடம் கிடைத்தாலும் கம்பியைப் பிடித்து நின்று, பனி படிந்த கண்ணாடியில் விரலால் கோடு இழுப்பாள். ஆனால் சுண்ணாம்புத்தூள் கையில் பட்டால் கூசும். சாக்கட்டியைக் கைக்குட்டையில் சுற்றித்தான் பிடிப்பாள். அழிப்பதும் கைக்குட்டையால்தான்.

வியாசர்பாடிப் படிப்பகம் ஆண்டுதோறும் நடத்தும் வடிவியல் போட்டியில் கடைசிக் கணக்கு அவளுடையது. பிள்ளைகள் அதை "அன்பு கணக்கு" என்பார்கள், வாந்திபேதியைச் சொல்வதுபோல. இந்த வருடம் முதலிடத்துக்குக் கோயம்புத்தூரில் பள்ளி மாணவருக்கான ஒரு மாதக் கணித முகாம். ஒரே ஒரு இடம்.

கணக்கு இது. கரை நேர்கோடு. காசிமேட்டில் ஒருவர், திருவொற்றியூரில் ஒருவர். கடலில் நிற்கும் கப்பல் சங்கு ஊதுகிறது. காசிமேட்டுக்காரருக்கு ஆறு நொடி முன்னதாகக் கேட்கிறது. கப்பல் எங்கெங்கே நின்றிருக்கலாம்? வரைக.

மளிகை மொத்த வியாபாரி சிவந்தியின் மகன் பாலகணேஷ் காசிமேட்டுப் பக்கம் ஒன்று, திருவொற்றியூர்ப் பக்கம் ஒன்று என அதிபரவளையத்தின் இரு கிளைகளையும் பிசிறில்லாமல் வரைந்திருந்தான். முழு மதிப்பெண். சங்கமித்ரா ஒரு கிளையில் பாதியை மட்டும் போட்டிருந்தாள். பாதி மதிப்பெண். வாசல் கரும்பலகையில் விடைப்படமும், அதன் கீழே முதலிடம் பாலகணேஷ், இரண்டாமிடம் சங்கமித்ரா என்று பெயர்களும் ஏறின. பாலகணேஷுக்கு ரயில் டிக்கெட் எடுத்தாயிற்று. நாளைக் காலை வண்டி.

இன்று சாயங்காலம் சங்கமித்ரா படிப்பகத்துக்கு வந்தாள். சண்டைக்கு வந்தவள் மாதிரி தெரியவில்லை. சந்தேகம் கேட்பவள்போல் பலகையைக் காட்டினாள்.

"யக்கா, காசிமேட்டுலதான முதல்ல கேட்டுச்சு? அப்போ திருவொத்தியூர் பக்கத்துக் கிளை எதுக்கு?"

அன்புக்கரசி படத்தை எட்டிப் பார்த்தாள். சங்கமித்ராவின் விரல் காசிமேட்டுக் கிளைக்கு நகர்ந்தது.

"இந்தக் கிளையிலயும் பாதி நம்ம ஏரியாவுக்குள்ள பூந்து போவுது. கப்பல் இன்னா ரயில் பாலத்துக்குக் கீழ சப்வேக்குள்ளயா நிக்கும்?"

"மழ பேஞ்சா நிக்கும்," என்றார் நாற்காலியில் இருந்த செயலாளர் பீம்ராவ். யாரும் சிரிக்கவில்லை.

முதலில் அன்புக்கரசி எழுதியது கப்பல் இல்லாத கணக்கு. இரண்டு புள்ளிகள், தூரங்களின் வித்தியாசம், அவ்வளவுதான். அதற்கு இரு கிளைகளும் சரி. நம் பிள்ளைகளுக்கு நம் கடலாகவே இருக்கட்டும் என்று பிறகு காசிமேட்டையும் கப்பலையும் சேர்த்தாள். கணக்கை மாற்றியவள் விடையை மாற்றவில்லை.

அவள் வாசலுக்கும் அலமாரிக்கும் நடக்க ஆரம்பித்தாள். பீம்ராவ் குரலைத் தாழ்த்தினார். அந்தப் பையன் பெட்டி கட்டிவிட்டான், தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தாயிற்று, இப்போது போய் என்னவென்று சொல்வது, இந்தப் பெண்ணை அடுத்த வருடம் அனுப்பலாம் என்றார்.

"அடுத்த வருசம் இது பிளஸ் டூ முட்ச்சிடும்ணே."

"சொன்னது சொன்னதா இருக்கட்டும். உன் பேரும் கெடாது."

"சிவந்தி கடை எத்தினி மணி வரைக்கும் தொறந்திருக்கும்?"

"இன்னாத்துக்கு?"

அவள் வாசலுக்குப் போனாள். கைக்குட்டை மேசையிலேயே கிடந்தது. வெறும் உள்ளங்கையைப் பலகையில் வைத்துத் திருவொற்றியூர்க் கிளையைத் துடைத்தாள். பிறகு, கரைக்கு இந்தப் பக்கம் ஏறி வந்த பாதியை. கடலுக்குள் ஒற்றைக் கோடு மிஞ்சியது. வெளுத்துப்போன அந்தக் கை அங்கே நிற்காமல் கீழே, பெயர்களுக்கு இறங்கியது.