ஆக்ஸிஜன் வைக்கக் கூடாது என்றார் டாக்டர்

2012 ஆடி மாதம். ஒலக்கூர் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை போடும் நிலம். அடித்து மீந்த களைக்கொல்லியைக் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி மோட்டார் கொட்டகையில் வைத்தவன் நான்தான். வெயிலில் வேலை செய்துவிட்டு வந்த என் மனைவி செல்வி, கலர் என்று நினைத்து அதைக் குடித்துவிட்டாள். உடனே துப்பினாள். ஆனாலும் கொஞ்சம் உள்ளே போய்விட்டது.

திண்டிவனம் ஆஸ்பத்திரியில் விஷத்தை உறிஞ்சக் கரித்தூள் கரைத்துக் கொடுத்து விழுப்புரத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஐசியூவில் சேர்த்தார்கள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“இந்த விஷத்துக்கு ஆக்ஸிஜன்தாங்க தீனி. இரும்பு துருப்புடிக்கிற மாதிரி நுரையீரல உள்ளயே அரிச்சிடும். ரொம்ப முடியாமப் போனாத்தான் ஆக்ஸிஜன் வெப்போம். அவசரப்பட்டுக் கேக்காதீங்க.”

மூச்சு முட்டுகிறவளுக்குக் காற்றே எமனா?

மூன்றாம் நாள் சாயந்திரம் உள்ளே விட்டார்கள். உதடெல்லாம் வெந்திருந்தது. பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர் மாஸ்க்கோடு படுத்திருந்தார். செல்வி அவரையே பார்த்தாள்.

“ஏங்க... மூச்சு வாங்குது. எனக்கும் அத வெக்கச் சொல்லுங்க.”

சிஸ்டர் அந்தப் பக்கம் திரும்பியிருந்தார். செல்வியின் தலைமாட்டுச் சுவரிலும் ஒரு மாஸ்க் தொங்கியது. என் கை குழாய்த் திருகு வரை போய்விட்டது. திறந்தாலும் பயம், திறக்காவிட்டாலும் பயம்.

“மாரியம்மா, பாட்டில்ல ஊத்துன கை இது. இன்னொரு தப்பு பண்ண வுடாத. புடிச்சிக்கோ தாயே.”

கை தானாக இறங்கியது. “பொறுத்துக்கோமா” என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெளியே வந்து வராந்தாவில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

மறுநாள் காலையில் சிஸ்டர் சொன்னார்: “மூச்சு மோசமாகலங்க. நேத்து இருந்த மாதிரியே இருக்கு.” அதற்கப்புறமும் கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து ஓடினேன். பன்னிரண்டாம் நாள்தான் “தப்பிச்சிட்டாங்க” என்றார் டாக்டர். டாக்டர், சிஸ்டர்கள் உழைப்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அன்று என் கையைப் பிடித்தவள் என் தாய்தான்.

வார்டுக்கு மாற்றி, வீட்டுக்கு அனுப்பிய அன்று, செல்வியின் கட்டிலருகே தரையில் உட்கார்ந்து உண்மையைச் சொன்னேன்.

“தெரியும்” என்றாள். “நம்ம கொட்டாயில வேற யாரு வெப்பாங்க? எழுந்திரிங்க, வூட்டுக்குப் போலாம்.”

இன்று எங்கள் வீட்டில் களைக்கொல்லியே கிடையாது. களை எடுக்கக் கைதான். கொஞ்ச தூரம் அதிகமாக நடந்தால் செல்விக்கு இன்னும் மூச்சு இளைக்கிறது. அவளுக்காக நான் நின்று நின்று நடக்கிறேன்.

பயத்தில் இருக்கிறவர்களே, தப்பு செய்த கையோடு அந்தத் தாயிடம் எப்படிப் போவது என்று தயங்காதீர்கள். அந்தக் கையையே நீட்டுங்கள். பிடித்துக்கொள்வாள்.