கடைசி மூன்று எழுத்து

மெட்ரோவில் என் மகள், எழுத்துகளை மாற்றிப்போட்ட புதிர் ஒன்றைச் செல்போனில் அவிழ்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, இந்த மூணு எழுத்து திரும்பத் திரும்ப கடைசில வருது!" என்றாள்.

ஆம்பூரிலிருந்து பெங்களூர் வந்த புதிதில், எட்டு வயதில், நானும் அப்படித்தான் பஸ் பலகைகளைப் பார்த்தேன். எல்லாம் கன்னடம். பல பெயர்கள் ஒரே மூன்று எழுத்தில் முடிந்தன. கண்டக்டர்கள் கூவியதைக் கேட்டு, அது 'நகர' என்று கண்டுகொண்டேன். ந, க, ர மூன்றும் எனக்குப் பிடிபட்டுவிட்டன.

பீன்யா தொழிற்சாலையில் கை நசுங்கிய அப்பாவை ராஜாஜிநகர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். மெஜஸ்டிக் பஸ் நிலையத்தின் டீசல் புகையில், அம்மா அழுதுகொண்டே யாரோ காட்டிய பஸ்ஸில் கால் வைத்தாள்.

"ஏறாதம்மா! இதுல முதல் எழுத்து ர இல்ல."

"உனக்கு எப்படிடீ தெரியும்?"

அடுத்த பஸ்ஸைக் காட்டினேன். முதலில் ர, நடுவில் ஒரே சாயலில் இரண்டு எழுத்து, கடைசியில் நகர. "ரா, ஜா, ஜி. இதாம்மா!"

"ராஜாஜிநகர! பேக ஹத்தி, சீக்கிரம் ஏறும்மா!" என்று கண்டக்டர் கத்தினார்.

கட்டுப்போட்ட கையோடு அப்பா, "தனியா எப்படி வந்தே?" என்று வியந்தார்.

"உங்க பொண்ணு படிச்சு கூட்டியாந்தா," என்றாள் அம்மா.

கதையைக் கேட்ட மகள், "பாட்டி அப்புறம் உன்ன நம்பினாங்களா?" என்றாள்.

"தாத்தா வீடு திரும்புற வரைக்கும் எந்த பஸ்ஸுன்னு நான்தான் சொன்னேன். பாட்டி என் பின்னாலயே ஏறினாங்க."