தொட்டிக்குள் ஆள் இருக்கும்போது

எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று நாள் போட்டு எழுதிவைக்கிறவன் நான். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மலேசியாவின் மெர்போக் ஊரில் எங்கள் வீட்டில் என் தங்கை சொன்னதைக் கேட்டபின் அந்த வரிசையே எனக்குப் பயமாகிவிட்டது.

ஒரே நேரத்தில் இயங்கும் பல உறுப்புகளைக் கொண்ட கணினி மொழிகளில், ஒவ்வொரு கட்டளையும் என்ன செய்யும் என்பதைக் கணித விதிகளாக வகுப்பது அவளுடைய ஆராய்ச்சி. உதாரணத்துக்கு, திகாம் பத்து என்ற ஊரில் என் மனைவி வேலை பார்க்கும் ரப்பர்பால் ஆலையின் நிரலை வாங்கி வைத்திருந்தாள். அதில் ரப்பர்பால் தொட்டியின் கதவு ஓர் உறுப்பு, பால் கெடாமலிருக்கத் தொட்டிக்குள் அம்மோனியா விடும் வால்வு இன்னோர் உறுப்பு.

"அண்ணே, 'உள்ளே ஆள் இருக்கு'ன்னு கதவு வால்வுக்குச் செய்தி அனுப்புது. 'லைனைத் தொடங்கு'ன்னு கண்ட்ரோல் ரூம் அனுப்புது. ரெண்டும் எந்த வரிசையிலயும் போய்ச் சேரலாம்."

"முதல்ல அனுப்பினதுதானே முதல்ல சேரும்?"

"அப்படி விதியே இல்ல லா. அங்க பொதுவான கடிகாரம் கிடையாது. 'தொடங்கு' முந்திக்கிட்டா, ஆள் உள்ள இருக்கும்போதே அம்மோனியா திறந்துடும்."

"இத்தனை நாள் ஒண்ணும் ஆகலியே?"

"தற்செயல்தான். அண்ணி இன்னிக்கு ஷிப்டா?"

ஷிப்டுதான். மலாய்க்காரத் தொழிலாளர்கள் வெள்ளித் தொழுகைக்குப் போகும்போது லைன் நிற்கும். அந்த இடைவெளியில்தான் என் மனைவி தொட்டிக்குள் இறங்கிக் கழுவுவாள். தொழுகை முடிந்து ஆட்கள் திரும்பும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவளுடைய கைப்பேசி லாக்கரில் இருக்கும். ஆலைத் தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை.

தங்கையையும் ஏற்றிக்கொண்டு காரை எடுத்தேன். பள்ளிவாசலிலிருந்து வெளியே வந்த மோட்டார் சைக்கிள்கள் எங்களை முந்திக்கொண்டு போயின. ஒவ்வொன்றும் கண்ட்ரோல் ரூமுக்கே போவதாகத் தோன்றியது.

வாசலில் சூப்பர்வைசர் சிரித்தார். "என்னண்ணே, பொண்டாட்டியத் தேடி வேலைக்கே வந்துட்டீங்க?"

"அம்மோனியாக் குழாயோட கை வால்வை மூடுங்க," என்றாள் தங்கை.

"சிஸ்டம் பார்த்துக்கும்மா."

"அந்தச் சிஸ்டத்தைப் படிச்சுட்டுத்தான் ஓடி வர்றேன்!"

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு ஓடிப்போய் அந்த வால்வின் சக்கரத்தைத் திருகினார். கொஞ்ச நேரத்தில் என் மனைவி ஈரக் கையோடு ஏணியில் ஏறி வந்தாள். "பேயடிச்ச மாதிரி ஏன் நிக்கறீங்க ரெண்டு பேரும்?"

நடந்ததைச் சொன்னோம். அவள் கை வால்வருகே போய் அதன் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

அடுத்த வெள்ளியும் தொட்டி கழுவ வேண்டியிருந்தது; நானும் கூடப் போனேன். நிரலை இன்னும் திருத்தவில்லை. என் மனைவி கை வால்வை மூடச் சொல்லி, அதன் சக்கரத்தைத் தானே கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"அதை எங்க கொண்டு போறீங்க, அக்கா?" என்றார் சூப்பர்வைசர்.

"நான் வெளிய வந்தாத்தான் இதுவும் வெளிய வரும்."

சக்கரத்தோடு இறங்கிவிட்டாள். அவள் தலை மறுபடி தெரியும்வரை நான் தொட்டியோரத்து வேலிக்கம்பியை விடவில்லை.