ஒரு கை தண்ணீரில் அக்கா பெற்ற ஞானஸ்நானம்

சொந்தக்காரர்களுக்கு வணக்கம், சபையாருக்குத் தோத்திரம். எங்கள் அக்கா அவர்கள் போய் வருஷம் ஒன்று ஆகிவிட்டது. இந்த நினைவு மலரில் எழுத ஒரு வாத்தியாரைப் பிடிக்கலாம் என்றார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன்தான். ஆனால் ஒற்றைத் தொட்டியில் நூலுக்குச் சாயம் போட ஆரம்பித்து, இன்று ராசிபுரத்து வியாபாரிகள் வாசலில் காத்து நிற்கும்படி பட்டறை நடத்துகிறவன். என் அக்காவைப் பற்றி எழுத எனக்குத் தெரியாதா?

அக்கா பிறந்தது ஆட்டையாம்பட்டி. நாமகிரிப்பேட்டையில் வாக்கப்பட்டு, இளம் வயதிலேயே புருஷனை இழந்து திரும்பி வந்தார்கள். தாய் தகப்பனைக் காலரா கொண்டுபோன பின் என்னை ஆளாக்கியது அவர்கள்தான். முழங்கை வரை நீலம் ஏறிய அந்தக் கையால்தான் எனக்குக் களி கிண்டிப் போட்டார்கள். திட்டுத்திட்டாகச் சாயம் பிடித்த நூலை அவர்கள் யாருக்கும் கொடுத்ததே இல்லை.

சேலத்துக்கு வைத்தியத்துக்குப் போன இடத்தில் இயேசு சாமியைப் பற்றிக் கேட்டு வந்தார்கள். தெருவே சிரித்தது. நான் சிரிக்கவில்லை, நம்பவும் இல்லை. அக்கா நம்பினார்கள். ஆனால் ஞானஸ்நானம் என்று வந்தபோது பெரிய வழக்காகிப் போயிற்று. தலையில் தண்ணீர் வார்ப்பது எங்கள் ஊர்ச் சபை வழக்கம். அக்கா ஒப்பவில்லை.

“நூல முக்காம மேலால தெளிச்சா சாயம் ஏறுமுங்களா? ஒரு தொவைக்கு ஓடிப்போயிருமுங்க. என்னைய முழுசா முக்குங்க” என்று போதகர் ஐயாவிடம் சொல்லிவிட்டார்கள்.

இரட்சிப்பு கிருபையால் வருவது, அதற்குத் தண்ணீர் முத்திரை மாதிரி, ஒரு கை தண்ணீரே போதும், அதிகம் குறைச்சல் என்பது இதில் இல்லை என்று ஐயா எவ்வளவோ எடுத்துச் சொன்னார். அக்கா அசையவில்லை. முங்காமல் செத்தால் பாவம் போகாது என்றே நினைத்திருந்தார்கள். கடைசியில் ஐயா முழுக்குக்கே சம்மதித்தார்.

அந்த நேரம் பார்த்து மழை பொய்த்தது. கிணறெல்லாம் சேறு. அக்காவுக்கு நெஞ்சுச் சளி முற்றி, வைத்தியரும் கையை விரித்துவிட்டார். “முங்காமயே போயிருவனாடா சாமி?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

விடுவேனா நான்? பட்டறையின் பெரிய தொட்டியைச் சாயம் போகத் தேய்த்துக் கழுவினேன். இரட்டை மாட்டு வண்டிகளை அனுப்பி, காவேரியிலிருந்து பீப்பாய் பீப்பாயாகத் தண்ணீர் கொண்டுவந்து நிரப்பினேன். இந்த ஜில்லாவில் வேறு எவன் செய்திருப்பான்?

போதகர் ஐயா வந்தார், சபையார் பாட்டுப் பாடினார்கள். சேதி கேட்டுத் தெருப் பெண்களும் வெறுங்குடத்தோடு வந்து நின்றார்கள். யாரும் தண்ணீர் கேட்கவில்லை. பங்காளி வீட்டுப் பெரியம்மா மட்டும், “இங்க குடிக்கவே வழியக் காணோம். இவளுக்குக் குளிக்கக் காவேரி வந்திருக்குது பாருங்க” என்றார்.

தொட்டிப் படியில் வைத்த காலை அக்கா எடுத்துவிட்டார்கள்.

“ஐயா, ஒரு கை தண்ணி போதும்னீங்களே, அது நெசந்தானுங்களா?”

“நெசந்தாம்மா.”

“முங்காட்டியும் அவரு என்னையச் சேத்துக்குவாருங்களா?”

“சேத்துக்கிட்டதாலதாம்மா இந்தத் தண்ணியே.”

அக்கா தொட்டியைப் பார்த்தார்கள், தெருப் பெண்களின் வெறுங்குடங்களைப் பார்த்தார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, “தம்பி, அவங்க கொடத்துல மொண்டு ஊத்துடா” என்றார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வண்டிக் கூலி என்ன, நான் பட்ட பாடு என்ன என்று கத்தினேன். “ஊத்துடா சாமி” என்று மட்டும் மறுபடியும் சொன்னார்கள். ஊற்றினேன். முதல் குடம் அந்தப் பெரியம்மாவுக்கு. தொட்டி காலியாகும் முன் ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் எடுத்துவைத்தேன். அதைத்தான் ஐயா பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் அக்கா தலையில் வார்த்தார். அப்போது அக்கா முகத்தைப் பார்க்க வேண்டுமே! காவேரி முழுவதையும் வார்த்தாலும் அந்த வெளிச்சம் வராது.

வைத்தியர் கைவிட்ட அதே அக்கா எழுந்து, பட்டறை வேலையும் பார்த்து, பல வருஷம் இருந்தார்கள். போன வருஷம் படுத்தபோது, முழுக்கு இல்லாமல் போயிற்றே, பயமில்லையா என்று கேட்டேன்.

“நனஞ்சது போதுண்டா. தண்ணியத்தான் நம்பிக்கிட்டுக் கெடந்தேன். இப்ப அவர நம்பறேன். நீ எப்படா?” என்றார்கள். பட்டறையில் வேலை கிடக்கிறது என்று எழுந்து போய்விட்டேன். மறுநாள் அக்கா கண்ணை மூடினார்கள்.

கூடவே இருந்து பார்த்துக்கொண்ட உபதேசியார் வீட்டம்மாவுக்கும், அன்று வண்டி ஓட்டியவர்களுக்கும், மார்க்கம் வேறென்று பாராமல் தோள் கொடுத்த பங்காளிகளுக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். அக்காவுக்குப் பதிலையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை, காலை ஆராதனையில். முழுக்கா, வார்ப்பா என்று ஐயா கேட்டார். உங்களுக்கு எது தோதோ அதைச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டேன். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் வந்து நின்று பார்க்க வேண்டும். சாப்பாடு நம் வீட்டில்.