பிள்ளையாருக்கு நேர்ந்த தோணி

எங்கள் ஊர் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். தாழ்ந்த நிலம். மாரியில் மேல்காட்டுத் தண்ணீர் ஒரு பக்கத்தால் இறங்கும். வாவி மறுபக்கத்தால் ஏறும். நடுவில் நாங்கள்.

கடைசிச் சண்டை தொடங்குவதற்கு முந்திய காலம் இது. அக்கா முதல் பிள்ளையை வயிற்றில் சுமந்த மாரியில் பெருவெள்ளம் வந்தது. ஊர் முழுக்கப் பிள்ளையார் கோயில் மேட்டில் ஏறியது. வாய்க்காலுக்கு இப்பால் வேறு மேடு இல்லை. மருத்துவிச்சி இருந்தது வாய்க்காலுக்கு அப்பால், பள்ளிக்கூட மேட்டில். மற்ற நாளில் கூப்பிட்டால் கேட்கும். அன்று இடையில் ஆறு மாதிரி ஓடியது. தோணிகளைத் துறையிலேயே கட்டி வைத்திருந்தார்கள். வெள்ளம் முதலில் கொண்டுபோனது அவற்றைத்தான்.

அத்தான் நீந்தப் பார்த்தார். ஆட்கள் பிடித்து இழுத்து வைத்தார்கள். அக்கா போய்விட்டா. பிள்ளையும் போய்விட்டது. இதற்கு மேல் அதை எழுத எனக்கு ஏலாது.

வெள்ளம் வடிந்த பிறகு ஊர் சில காரியங்களைக் கற்றுக்கொண்டது. விதைநெல்லைப் பரணில் ஏற்றினார்கள். ஒவ்வொரு வீட்டிலும் உப்பும் நெருப்புப்பெட்டியும் போட்ட மண்முட்டி ஒன்று முகட்டில் தொங்கியது. ஐப்பசி பிறந்ததும் மாடுகளை மேட்டுக்குச் சாய்த்துக் கொண்டுபோனார்கள்.

அத்தான் தோணி செய்தார். காட்டில் மரம் பார்த்து, தானே வெட்டி, தானே குடைந்தார். யாரையும் உளி பிடிக்க விடவில்லை. முடிந்ததும் அதை அக்காவின் பேரில் பிள்ளையாருக்கு நேர்ந்து கொடுத்தார். வெள்ளத்துக்கு மட்டும்தான் அந்தத் தோணி. வேறு வேலைக்குத் தொடக்கூடாது. கோயில் வெளிவீதிக்கு அருகில் கிடுகுக் கொட்டில் போட்டு, அதற்குள் கட்டையில் ஏற்றி வைத்தார்கள். கோயிலைப் பார்க்கும் வண்ணக்கர் வெள்ளிக்கிழமைகளில் அதற்கும் சந்தனம் வைத்தார். பெண்கள் பூப் போட்டார்கள்.

துறையில் மீன் பிடிக்கிற மச்சான் ஒருவன் இருந்தான். என் மாமன் மகன். வாய் சும்மா இராது.

"பிள்ளையாருக்கு எலி ஒண்டு இரிக்கே. தோணி என்னத்துக்குகா?" என்பான்.

சிரிப்போம். அத்தான் சிரிக்க மாட்டார்.

பிறகு என்னை அத்தானுக்கே கட்டிக் கொடுத்தார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் அது. அக்காவின் வீடு எனக்கு வந்தது. அக்காவின் பாயும் வந்தது. அத்தானை நான் அத்தான் என்றே கூப்பிட்டேன். மழை பெய்கிற இரவுகளில் அவர் படுக்க மாட்டார். வாசலில் குந்தியிருப்பார். நான் கேட்கவில்லை. கேட்டுத் தெரிய என்ன இருக்கிறது.

நல்ல வெள்ளம் இல்லாமல் பல மாரிகள் போயின. தோணி கொட்டிலிலேயே கிடந்தது. நான் கர்ப்பமானேன். நாளை எண்ணிப் பார்த்தால் மார்கழியில், வெள்ளத்து மாதத்தில், வந்து விழுந்தது. அம்மா எண்ணிவிட்டு உலைக்கு விறகு தள்ளினா.

ஒரு வெள்ளிக்கிழமை பூப் போடப் போனேன். தோணியின் பக்கத்தில் ஒரு கோடு. நகத்தை வைத்தேன். நகம் உள்ளே போனது. அடியில் குனிந்து பார்த்தேன். அங்கேயும் கோடு. மரம் காய்ந்து வெடித்துக் கிடந்தது. துறையில் மீன் பிடிப்பவர்களின் தோணிகள் நாள் முழுக்கத் தண்ணீரில் கிடக்கும். கரைக்கு வந்தால் மீன் எண்ணெய் பூசுவார்கள். பிள்ளையாரின் தோணிக்கு யார் மீன் எண்ணெய் பூசுவது? அதற்குப் பூசியது சந்தனம்.

அன்று அத்தானிடம் சொன்னேன்.

"தோணி வெடிச்சிரிக்கி அத்தான்."

"மேல் வெடிப்பு."

"நகம் போகுது. ஒருக்காத் தண்ணியில போட்டுப் பாருங்களன்."

அவர் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். கை நின்றது.

"நேர்ந்த பொருளைச் சோதிச்சுப் பாக்கிறதா புள்ள?"

அந்தத் தோணி அவருக்குத் தோணி இல்லை. எனக்கு விளங்கியது. ஆனால் எனக்கு அது தோணியாக இருக்க வேண்டியிருந்தது.

வண்ணக்கரிடம் போனேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மகள், அது சாமியிட பொருள்" என்றார். "உனக்கு வயித்துப் பயம். வீட்ட போய்ப் படு."

மச்சானிடம் போனேன். அவன் கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தான். அன்றைக்குப் பகிடி விடவில்லை.

"இது மிதக்காதுகா" என்றான்.

"உங்கட தோணியையாவது மாரிக்கு மேட்டில ஏத்தி வைங்க மச்சான்."

"பாப்பம். எல்லாரும் கோயில்ல ஒண்டு இரிக்கிதெண்டுதான் துறையில விட்டிரிக்காங்க. நான் மட்டும் இழுத்தா சிரிப்பாங்க."

இதைத்தான் நான் அன்று பார்த்தேன். முதல் வெள்ளத்துக்குப் பிறகு கொஞ்சக் காலம் எல்லாரும் தங்கள் தோணிகளை வீட்டு வளவுக்குள் இழுத்து வந்தார்கள். கோயிலில் ஒன்று இருக்கிறது என்றதும் விட்டுவிட்டார்கள். துறை பழையபடி ஆகிவிட்டது. எல்லாரையும் காக்க வேண்டிய தோணியிலோ என் நகம் போகிறது.

கார்த்திகை முழுக்க மழை. நான் தினமும் கிணற்றை எட்டிப் பார்ப்பேன். தண்ணீர் ஒவ்வொரு கல்லாக ஏறியது. அம்மா கிணற்றடிக்குப் போகாதே என்று ஏசுவா. நான் போவேன். வயிற்றில் பிள்ளை உதைக்கும். நீ கொஞ்சம் பொறு என்று சொல்வேன்.

அது பொறுக்கவில்லை. வெள்ளமும் பொறுக்கவில்லை. ஒரு விடியற்காலையில் முற்றத்தில் தண்ணீர் நின்றது. வெளிச்சம் வருவதற்குள் வாசற்படி மறைந்தது. அத்தான் என்னைத் தூக்கிக்கொண்டு கோயில் மேட்டுக்கு வந்தார். மச்சான் துறைப் பக்கத்திலிருந்து வெறுங்கையோடு வந்தான். ஒரு தோணியும் இல்லை என்றான்.

மேட்டில் ஏறியதும் எனக்கு நோவு தொடங்கியது. சனம் என்னைப் பார்த்தது. பிறகு அத்தானைப் பார்த்தது. அம்மா என் கையைப் பிடித்தா.

ஆண்கள் தோணியைத் தூக்கிக் கொண்டுபோய் மேட்டின் ஓரத்தில் விட்டார்கள். ஊர் எல்லாம் பார்த்து நிற்க, அது உள்ளே தண்ணீர் எடுத்தது. சத்தமில்லாமல் எடுத்தது. கொஞ்ச நேரத்தில் விளிம்பு மட்டும்தான் தெரிந்தது. சந்தனம் கரைந்து மஞ்சளாகப் போனது.

அத்தான் தண்ணீருக்குள் நின்றார். இடுப்பளவு. அசையவில்லை.

வண்ணக்கர், "பிள்ளையாரே" என்றார்.

மச்சான்தான் கத்தினான். "பிள்ளையாரைப் பொறகு கூப்பிடுவம். இழுங்க, இழுங்க, மேல போடுங்க!"

இழுத்துக் கவிழ்த்தார்கள். மச்சான் வண்ணக்கரைப் பார்த்தான்.

"குங்கிலியம் இரிக்கா?"

"பூசைக்கு வச்சது."

"விளக்கெண்ணெய்?"

"அதுவும் பூசைக்கு."

"எல்லாத்தையும் தாங்க."

வண்ணக்கர் ஒரு கணம் நின்றார். பிறகு ஓடினார். வயதான ஆள் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. குங்கிலியத்தைப் பொங்கல் பானையில் போட்டு எண்ணெய் விட்டு உருக்கினார்கள். கோயில் முழுக்கப் பூசை நேரத்துப் புகை. வண்ணக்கர் தன் சால்வையை எடுத்துக் கிழித்தார். ஈரமரத்தைத் துடைத்துத் துடைத்து, துணியை வெடிப்புக்குள் திணித்து, மேலே குங்கிலியத்தை ஊற்றினார்கள். சில இடத்தில் பிடித்தது. சில இடத்தில் பிடிக்காமல் உரிந்து வந்தது. அத்தான் துணியை அடித்து இறக்கிக்கொண்டிருந்தார். சுத்தியல் வேகமாக விழுந்தது. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கப் பயம்.

எனக்கு நோவு நெருங்கி நெருங்கி வந்தது.

மறுபடி தண்ணீரில் விட்டார்கள். ஒழுகியது. ஆனால் மிதந்தது.

"அவளை ஏத்துங்க" என்று வண்ணக்கர் சொன்னார்.

"நான் ஏறமாட்டன்" என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள். நான் நாலு பேர் முன் வாய் திறக்கிற ஆள் இல்லை.

"இடையில தாழ்ந்தா நான் என்ன செய்யிற? நீங்க போய் மருத்துவிச்சியக் கூட்டிக்கு வாங்க. ஒராள் வலிக்க, ஒராள் இறைக்க. அவவுக்கு நீந்தத் தெரியும்."

அத்தான் என்னைப் பார்த்தார். தோணியில் ஏறிச் சவள் துடுப்பை எடுத்தார். மச்சான் தண்ணீர் இறைக்கிற பட்டையோடு ஏறினான். போனார்கள்.

நான் பார்த்திருந்தேன். ஒருவன் குனிந்து நிமிர்ந்து இறைக்கிறான். மற்றவர் வலிக்கிறார். வாய்க்காலின் இழுப்பில் தோணி பக்கவாட்டில் போனது. மரங்களுக்குப் பின்னால் மறைந்தது. பிறகு தண்ணீர் மட்டும்தான்.

தோணி கிடந்த கொட்டில் வெறுமையாக இருந்தது. அதற்குள் பாய் போட்டார்கள். தீட்டு என்று ஒருத்தி முணுமுணுத்தாள். வண்ணக்கர், "வெளிவீதிக்கு அங்கால. குற்றமில்ல" என்றார். எனக்குக் கேட்டது. அதற்கு மேல் கேட்கவில்லை. அக்காவின் முகம் வந்து வந்து போனது. அது அவ சிரித்த முகம் இல்லை. அம்மா என் தலைமாட்டில் இருந்து, "வருவாங்க மகள், வருவாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தா. அக்காவுக்கும் இதையே சொன்னவ. அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

பிறகு வெளியே ஏசுகிற குரல் கேட்டது.

"நல்ல தோணி செஞ்சீங்கடா! இடுப்பளவு தண்ணிக்குள்ள குந்தி வாறன். என்னையும் பிள்ளையாருக்கு நேர்ந்து விட்டிட்டீங்களோ?"

மருத்துவிச்சியின் குரல். அம்மா அழத் தொடங்கினா. எனக்கு அழ நேரமில்லை.

பெண்பிள்ளை. கால்தான் முதலில் வந்தது. மருத்துவிச்சி கையை விட்டுத் திருப்பி எடுத்தா. அவ இல்லாவிட்டால் நானும் இல்லை, பிள்ளையும் இல்லை. பிறகு அவவே சொன்ன கதை.

அத்தான் கொட்டில் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. உள்ளங்கைகள் இரண்டும் தோல் கழன்று சிவந்திருந்தன.

வெள்ளம் வடிந்ததும் கோயிலடியில் ஊர் கூடியது. தோணியை என்ன செய்வது என்று பேசினார்கள். புதிதாகச் செய்து மறுபடி நேர்ந்து வைப்போம் என்றார் ஒருவர். இன்னும் பெரிய கொட்டில் போடுவோம் என்றார் இன்னொருவர். அத்தான் எழும்பினார்.

"மீன் பிடிக்கக் குடுங்க" என்றார். "தினமும் தண்ணியில கிடக்கட்டும். மீன் எண்ணெய் பூசுங்க."

"அது மூத்தவட பேரில நேர்ந்த தோணியெல்லோ?" என்று வண்ணக்கர் மெல்லக் கேட்டார்.

"ஓம்."

சொல்லிவிட்டுக் குந்தினார்.

வண்ணக்கர் தேங்காய் உடைத்து, பிள்ளையாரிடம் கேட்டு, தோணியை மச்சானிடம் கொடுத்தார். மாரியில் தூரம் போகக்கூடாது. பொழுது சாய முன்னம் கோயில் மேட்டில் வந்து கட்ட வேண்டும். மற்றத் தோணிகளையும் ஆள் மாறி ஆள் மேட்டில் ஏற்ற வேண்டும். இது கட்டளை. எழுதி வைக்கவில்லை. எங்கள் ஊரில் எழுதத் தெரிந்தவர் குறைவு.

மச்சான் ஒழுங்காகத்தான் கட்டினான். ஆனால் கட்டளை எத்தனை மாரிக்கு நிற்கும் என்று எனக்குத் தெரியாது. நல்ல மீன் படுகிற நாளில் மனிசன் நேரம் பார்ப்பானா? வெள்ளம் வராத மாரிகள் மறுபடி வரும். மறுபடி சிரிப்பார்கள்.

அதனால் மழைக்காலத்தில் பின்னேரமானால் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கோயில் மேட்டுக்குப் போவேன். தோணி வந்துவிட்டதா என்று பார்ப்பேன். அடியில் கை போட்டுத் தடவுவேன். கை முழுக்க மீன் நாறும். வராவிட்டால் அங்கேயே நிற்பேன். அது வந்து கட்டும்வரை வீட்டில் அடுப்பு எரியாது. அத்தான் பசியோடு வாசலில் குந்தியிருப்பார். ஏன் சுணங்கினாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை.