ஞாயிற்றுக்கிழமை வெட்டிய மண்ணணை

இதை எழுத உட்கார்ந்து பலமுறை பேனாவை மூடி வைத்திருக்கிறேன். இன்று காலை பக்கத்து வயலில் யாரோ மம்பட்டியால் வரப்பை வெட்ட, அந்த ஈரமண் வாசனை என்னை விடவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் எனக்குப் பத்து வயது. வேளிமலையிலிருந்து இறங்கி வள்ளியாற்றில் சேரும் எங்கள் சிறிய ஆற்றில் கோடையில் முழங்கால் தண்ணீர்தான். மண்ணணை கட்டி முறைவைத்துப் பாய்ச்சுவோம். மேலே எங்கள் வயல். அணைக்குக் கீழே பெரியப்பா வயலும் அக்கரைத் தங்கையாவின் வயலும். நாங்கள் கிறிஸ்தவர்கள்; ஓய்வுநாளான ஞாயிறன்று எவரும் அணையைத் தொடுவதில்லை. வைகுண்டரை வழிபடும் ஐயாவழிக்காரரான தங்கையாவும் அதற்குச் சம்மதித்திருந்தார். அன்று தேங்கும் தண்ணீர் திங்கட்கிழமை எங்களுக்கு.

ஒரு ஞாயிறு, மறந்துபோன பாட்டுப் புத்தகத்தை எடுக்க ஆராதனை நடுவில் வீட்டுக்கு ஓடினேன். வழியில், காய்ச்சல் என்று கோவிலுக்கு வராத பெரியப்பா அணையை வெட்டிக்கொண்டிருந்தார். எனக்கு ஜெபம் சொல்லித்தந்தவர் அவர்.

"ஏட்டி, அப்பன்ட்ட நீ சொல்லண்டாம். நானே சொல்லுகேன்."

நம்பினேன். அப்பா வந்து வெறும் அணையைப் பார்த்து நின்றபோது பெரியப்பா சொன்னார்: "தங்கையாதாம்லே. அவனுக்கு ஏது ஞாயித்துக்கெழம?"

நான் வாய் திறக்கவில்லை. எங்கள் நெல் பால்பிடிக்கும் முன்பே காய்ந்தது. சாகும்வரை அப்பா தங்கையாவோடு பேசவில்லை. ஒருநாள் ஆற்றங்கரையில் தங்கையா என்னிடம், "மக்கா, நீயும் அப்பிடித்தான் நினைக்கியா?" என்றார். தலைகுனிந்து போய்விட்டேன்.

தங்கையாவின் பேரப்பிள்ளைகளைத் தெரிந்தவர்கள், பெரியப்பாவுக்காகவோ எனக்காகவோ ஒரு சொல்லும் மாற்றாமல், இதை அவர்களிடம் சொல்லுங்கள்.