வியாழக்கிழமை மாத்திரை

செண்பகத்துக்கு இரும்பு என்றாலே ஆகாது. எப்படி ஆகும்? கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றில் பதினோரு வருடம் உழைத்த அவள் புருஷன் தானியேல், கறுப்புக் கறுப்பாகச் சளி துப்பித் துப்பியே செத்தான். அதே கம்பெனியில்தான் இவளும் பெருக்குகிறாள். கண்டிராக்ட் வேலை, ஒரு நாள் நின்றால் மறுநாள் வேறொருத்தி கையில் துடைப்பம் இருக்கும். சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் முந்தானை கறுக்கும். ஒரே மகள் சுகிர்தாவையாவது அந்தக் கறுப்பு அண்டக்கூடாது என்பதுதான் அவளுடைய ஜெபமெல்லாம்.

பதினோராம் வகுப்பில் சேர்ந்த புதிதில், ஒரு வெள்ளிக்கிழமை காலை சுகிர்தா முகம் வெளிறி வந்து நின்றாள்.

"ம்மா, வெளிய கறுப்பா போவுதும்மா."

செண்பகம் அவளைக் கிட்டே இழுத்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "நேத்து இன்னாடி துன்ன?"

"ஒண்ணியும் இல்லம்மா. ஸ்கூல்ல நீலமா ஒரு மாத்திரை குடுத்தாங்க. இரும்புச்சத்து மாத்திரையாம். இனிமே வாராவாரம் வியாழக்கிழமை குடுப்பாங்களாம்."

இரும்பா! வேறென்ன வேண்டும் அவளுக்கு? "உங்கப்பன் மார்ல இருந்த இரும்பு பத்தாதாடி? இன்னொரு தபா முழுங்குன, என்ன உசுரோட பாக்க மாட்ட!" என்று கத்தி, பைபிள் மேல் கை வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கிவிட்டாள்.

மாத்திரை போட்டால் மலம் கறுக்கும், பயப்பட ஒன்றுமில்லை என்று மாத்திரை கொடுக்க வந்த நர்ஸ் ஈஸ்வரி வகுப்பில் சொல்லத்தான் செய்தாள். மலம் என்றதுமே பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் மிச்சம் யார் காதிலும் விழவில்லை.

அன்றிலிருந்து சுகிர்தா டீச்சர் எதிரில் மாத்திரையை வாயில் போடுவாள், நாக்குக்கு அடியில் ஒதுக்குவாள், தண்ணீர் குடிப்பாள், குழாயடியில் போய்த் துப்புவாள். டீச்சரும் கண்ணால் பார்த்ததை நம்பி அட்டையில் டிக் போட்டார். ஒன்றரை வருடம் இப்படியே போனது. மாதவிலக்கு வந்தால் எட்டு நாளைக்கு நிற்காது. படியேறினால் மூச்சு வாங்கும். பச்சரிசியை அள்ளி அள்ளி மெல்லுவாள். "வயசுப் பொண்ணுக்கு இன்னாடி இந்தச் சோம்பேறித்தனம்?" என்று செண்பகம் திட்டுவாள். பாவி, அவளுக்கு என்ன தெரியும்!

பன்னிரண்டாம் வகுப்பில், மார்கழிப் பனியில் ஒரு நாள், பள்ளிப் பிரேயரில் நின்றிருந்த சுகிர்தா அப்படியே சரிந்தாள். பன்னிரண்டு இருக்க வேண்டிய ரத்த அளவு நாலரைதான் இருந்தது. சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே டாக்டரம்மா பள்ளி அட்டையைப் புரட்டினார். வாரம் தவறாமல் டிக்.

"மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்பிட்டியாம்மா?" என்று சுகிர்தாவிடம் கேட்டார். அவள் தலையாட்டினாள்.

டாக்டரம்மா செண்பகத்தின் பக்கம் திரும்பினார். "அப்படியும் ரத்தம் ஏறலன்னா வேற ஏதாவது பெரிய வியாதியா இருக்கலாம்மா. இடுப்பெலும்புல ஊசி போட்டு மஜ்ஜை எடுத்துப் பாக்கணும்."

அப்போதாவது செண்பகம் வாயைத் திறந்திருக்கக் கூடாதா? வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தாள்? பயம். பெற்றவளே செய்த காரியமா இது என்று வார்டே காறித் துப்புமே என்ற பயம். காகிதத்தை நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டுவிட்டாள். ராத்திரி முழுக்க மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் சொல்லவில்லை.

மறுநாள் காலை திரைக்கு அந்தப் பக்கம் சுகிர்தா வீரிட்டாள். செண்பகம் வழியில் நின்ற ஆயாவைத் தள்ளிவிட்டு உள்ளே ஓடினாள்.

"டாக்டரம்மா, அவ முழுங்கவே இல்ல! நான்தான் முழுங்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்குனேன்! எம்பொண்ண உட்ருங்க!"

ஊசியை அப்போதுதான் வெளியே எடுத்திருந்தார்கள். டாக்டரம்மா அவளைத் திட்டவில்லை. கையுறையைக் கழற்றிக்கொண்டே, "இத நேத்தே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது.

மத்தியானம் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. சுகிர்தா ஒருக்களித்துப் படுத்திருந்தாள். செண்பகம் அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நான்தான் புத்தி கெட்டு வாய மூடிக்கினு இருந்தேன். உன்னாண்டயும்தான கேட்டாங்க. நீ ஏண்டி சொல்லல?"

சுகிர்தா கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"சொன்னா எல்லார் எதிர்லயும் உன்ன திட்டுவாங்களேம்மா."